புள்ளி குறைந்த மீனும் லென்ஸ் அண்ணனும்

சிவகாசியில் அச்சாகி, நாடு முழுக்கச் சுவர்களில் தொங்கும் சாமிகளில் ஒரு சாமிக்குக்கூட மாறுகண் கிடையாது என்றால், அதற்குக் காரணம் சாமியின் மகிமை அல்ல. எங்கள் லென்ஸ் அண்ணன்தான்.

வருகைப் பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஒருமுறை தபால்காரர் வாசலில் நின்று அந்தப் பெயரை விசாரித்தபோது, "அப்படி யாரும் இங்கன இல்லையே" என்று வாட்ச்மேன் கையை விரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற லென்ஸ் அண்ணனும் இல்லை என்றுதான் தலையாட்டினாராம்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், காலண்டரும் பட்டாசு லேபிளும் அடிக்கும் ஓர் அச்சகத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். ஆர்டரை மெஷினில் ஏற்றி, அடித்து முடித்து, லாரியில் லோடு ஏற்றி அனுப்புவது என் பொறுப்பு. மெஷினை நிறுத்துவது அவர் பொறுப்பு. கலர் அச்சு என்பது நான்கு மைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடிப்பது. நான்கும் இம்மி பிசகாமல் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். அதை ரிஜிஸ்டர் என்போம். மயிரிழை தள்ளிப்போனால் அய்யனாருக்கு இரண்டு மீசை முளைத்துவிடும். லட்சுமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குக் குடிபோகும். அதைக் கண்டுபிடிக்கத்தான் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டி ஒரு பூதக்கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு அவர் திரிவார். குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று அவர் மனைவியிடம் கேட்டிருக்கிறோம். "சோப்பையே அத வச்சுப் பாத்துட்டுத்தான் தேய்ப்பாக" என்றார் அந்த அம்மா.

டீக்கடையில் வடையை எடுத்தால் முதலில் லென்ஸ், பிறகுதான் வாய். ஒருநாள் கடைக்காரர் பதறிப்போய், "என்னண்ணே, உள்ள ஏதும் கெடக்கா?" என்றார். "ஒண்ணும் இல்லப்பா. அளகா வெந்துருக்கு. அதான் பாத்தேன்" என்றார் இவர். அதற்குள் மற்ற வாடிக்கையாளர்கள் வடையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போயிருந்தார்கள்.

சாத்தூரில் ஒரு சொந்தக்காரப் பெண்ணுக்குச் சம்பந்தம் பேசும் இடத்தில் மாப்பிள்ளையின் போட்டோ கை கையாய் மாறி இவரிடம் வந்தது. லென்ஸை வைத்தார். "நெத்திக்கு மேல இருக்கது முடி இல்லீங்க, மை" என்றார். சம்பந்தம் அத்தோடு முறிந்தது. அந்தப் பெண் பிறகு வேறொருவரைக் கட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறாள். தீபாவளிக்குத் தீபாவளி அவளிடமிருந்து அண்ணனுக்கு ஒரு டப்பா காராச்சேவு வரும்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் 'நன்னீர் மீன்கள்' சார்ட் வந்து சேர்ந்தது.

பள்ளிப் பிள்ளைகள் வாங்கி வெட்டி ஒட்டுவார்களே, அந்த மாதிரி சார்ட். இருபத்துநான்கு கட்டம், இருபத்துநான்கு மீன். சென்னை பார்ட்டி. பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால் லோடு போய்ச் சேர வேண்டும். மாதிரிக்கு அடித்த புரூஃபில் அவர் கையெழுத்துப் போட்டால் அரை நாளில் அடித்து முடித்துவிடுவேன்.

"இந்தக் கெண்டை இந்தக் கலர்லதான் இருக்கும்னு யாரு சொன்னா?" என்றார் அண்ணன்.

"ஆர்ட்டிஸ்ட் வரைஞ்சு குடுத்திருக்காருண்ணே."

"அவரு பாத்தாராமா?"

"யாருண்ணே பாக்கப்போறா? மீனா வந்து கேக்கப்போகுது?"

அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வந்து சார்ட்டின் மேல் வைத்துப் பார்த்தார். செத்த மீனுக்குக் கலர் இறங்கிவிடும், உயிரோடு வேண்டும் என்றார். அதன்பின் ஒவ்வொரு நாளும் மொபெட்டில் ஊறுகாய் பாட்டில்கள் வந்து இறங்கின. கண்மாய் மீன், கிணற்று மீன், ஓடை மீன். அவர் உட்காரும் அறையின் ஜன்னல் முழுக்கப் பாட்டில். ஒவ்வொன்றிலும் ஒரு மீன் வாயைத் திறந்து திறந்து மூடும். முதலாளி ஒருநாள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏம்ப்பா, இது பிரஸ்ஸா, மீன் கடையா?"

சிக்கல் பதினேழாம் கட்டத்தில் வந்தது. அது ஒரு பொடிக்கெண்டை. உடம்பில் இரண்டு கறுப்புப் புள்ளி. அண்ணன் வத்திராயிருப்புக்கு அப்பால், மலையடிவாரத்து ஓடை ஒன்றில் துண்டை விரித்துப் பிடித்து வந்த மீனும் அதே ஜாடைதான்; சுண்டு விரலில் பாதி நீளம், வெள்ளி உடம்பு. ஆனால் வால் பக்கத்தில் ஒரே ஒரு புள்ளி. அதைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையம்.

"கறுப்பு மை பிளேட்ல ஒரு புள்ளி விழலை" என்றார் முதலில். அச்சுப் பிழை என்று நினைத்தார். மறுபடி ஓடைக்குப் போய் இன்னும் ஒன்பது மீன் பிடித்து வந்தார். ஒன்பதிலும் அந்த இரண்டாவது புள்ளி இல்லை. மஞ்சள் வளையம் இருந்தது.

"எல்லா மீனும் ஒண்ணுதாண்ணே. கையெழுத்தப் போடுங்க" என்று நான் கெஞ்சினேன்.

அவர் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ஒரு ஷீட்ல தப்பு இருந்தா மிஸ்டேக். பத்து ஷீட்லயும் ஒரே எடத்துல இருந்தா அது மிஸ்டேக் இல்லலே. டிசைன்."

மூன்று நாள் மெஷின் நின்றது. சென்னை பார்ட்டி போனில் போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கடைசியில் முதலாளியே வந்து, "அவுக இருவத்திநாலு மீன் கேட்டாக. இருவத்திநாலு இருக்குல்லா? அம்புட்டுத்தான். போடுய்யா கையெழுத்த" என்றார். அண்ணன் போட்டார். "பதினேழு சரியாத்தான் இருக்கு மொதலாளி. ஆனா நான் பிடிச்சது பதினேழு இல்ல. பதினெட்டும் இல்ல. இருவத்திநாலுல எதுவும் இல்ல." சார்ட் லாரி ஏறிப் போனது. எங்களுக்குப் பிரச்சினை தீர்ந்தது. அவருக்கு அன்றைக்குத்தான் ஆரம்பமானது.

அந்த மீனைக் கையால் வரைந்து, கலர் அடித்து, பதின்மூன்று கல்லூரிகளுக்குக் கடிதம் எழுதினார். இரண்டு பதில் வந்தது. ஒரு கல்லூரி, பட்டப்படிப்பில் சேர்வதற்கான விண்ணப்பப் படிவத்தை அனுப்பியிருந்தது. இன்னொன்று திருநெல்வேலிப் பக்கத்து விலங்கியல் பேராசிரியை ஒருவருடையது. 'நேரில் வருகிறேன்' என்று ஒரே வரி.

அந்த அம்மா முழங்கால் வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையில் இறங்கிய வேகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, இதுவும் நம் அண்ணன் ஜாதிதான் என்று. அரை மணி நேரம் மீனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "இத மொதல்ல பாத்தது யாரு?" என்றார்.

"நான் பாக்கலம்மா" என்றார் அண்ணன் பணிவாக. "செக் பண்ணேன்."

கல்லூரிக்கு வந்து நுண்ணோக்கியில் பாருங்கள் என்று பேராசிரியை அழைத்தார். அண்ணன் லீவு போட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு அவர் லீவு போட்டது அதுதான் முதல் தடவை. துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை. பின்னால் மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். பீரியட் முடிந்து மணி அடித்தது. அடுத்த வகுப்பு மாணவர்கள் வந்து அந்த வரிசையில் சேர்ந்தார்கள். திடீரென்று துள்ளி எழுந்து என் சட்டையைப் பிடித்தார்.

"ஏலே, இங்க வந்து பாரு. இதுவும் புள்ளி வச்சுத்தான் அடிச்சிருக்கு!"

குனிந்து பார்த்தேன். உண்மைதான். மீனின் தோலில் கறுப்புப் பொட்டுகள், மஞ்சள் பொட்டுகள். தனித்தனியாக, ஆயிரக்கணக்கில். நாங்கள் காகிதத்தில் அடிப்பது போலவே. தள்ளி நின்று பார்த்தால்தான் அது வளையம். நிறம் தரும் செல்கள் அவை என்று பேராசிரியை விளக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் காதில் எதுவும் ஏறவில்லை. "ரிஜிஸ்டர் பிசகலை பாத்தியா? ஒரு எடத்துலகூட பிசகலை" என்று பஸ் ஏறும் வரை சொல்லிக்கொண்டே வந்தார். சாத்தூரில் பஸ் நின்றபோதும் ஒருமுறை சொன்னார்.

பேராசிரியை ஒன்றரை வருடம் எடுத்துக்கொண்டார். செதில்களை எண்ணினார், எலும்புகளைப் பார்த்தார், பழைய நூல்களில் இருக்கும் மீன்களோடெல்லாம் ஒப்பிட்டார். பிறகு கடிதம் வந்தது. அறிவியல் இதுவரை பதிவு செய்யாத மீன் அது. இரண்டாம் பத்தியில் இன்னொரு செய்தி. ஓடையில் தண்ணீர் தேங்கி நிற்கும் ஆழமான இடங்களைக் கசம் என்பார்கள். அந்த ஓடையின் மூன்று கசங்களைத் தவிர வேறு எங்கே தேடியும் அந்த மீன் கிடைக்கவில்லை. ஆகவே அழியும் நிலையில் உள்ள இனம்.

அண்ணன் கடிதத்தை மடித்தார். "பேரு வைக்கிற அன்னைக்கே ஆசுபத்திரில சேத்துட்டாகளே" என்றார்.

முதலாளிக்கு மட்டும் ஒரே குஷி. நம் கம்பெனி பெயரையே மீனுக்கு வைத்தால் என்ன என்று கேட்டு எழுதச் சொன்னார். ஓடையின் பெயரை வைத்தாயிற்று என்று பதில் வந்தது. "ஓடைக்கு என்னத்துக்குய்யா வெளம்பரம்?" என்று ஒரு வாரம் வருத்தப்பட்டார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் அண்ணன் ஓடையில்தான். தீபாவளி சீசன் முடிந்து பட்டாசு ஆலைகளுக்கு விடுமுறை விட்டிருந்த ஒரு ஞாயிறு. நானும் வேறு வேலை இல்லாமல் உடன் போயிருந்தேன். ஆலைத் தொழிலாளிகள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பெயர் கருப்பசாமி, ஆள் வாட்டசாட்டம். கையில் ஒரு பெரிய வெடி, பற்றவைத்த ஊதுபத்தி. எங்கள் பக்கத்தில் சிலருக்கு இது ஒரு பழக்கம். தண்ணீருக்குள் வெடித்தால் பெரியது சிறியது எல்லாம் மிதந்து வந்துவிடும், அள்ளிக்கொண்டு போகலாம்.

அண்ணன் சண்டைக்குப் போகப்போகிறார், அடி வாங்கப்போகிறோம் என்றே நினைத்தேன். அவர் மெதுவாக எழுந்து போய்க் கையை நீட்டினார்.

"வெடியக் குடுங்க. லேபிளப் பாக்கணும்."

கருப்பசாமி குழம்பிப்போய்க் கொடுத்துவிட்டார். அண்ணன் லென்ஸை வைத்தார். முகம் சிவந்தது.

"செவப்பு தள்ளியிருக்கு! எவன் அடிச்சான் இத?"

திருப்பிப் பார்த்தால் எங்கள் அச்சகத்து லேபிள். அண்ணன் இரண்டாம் தடவையாக லீவு போட்டு, தனியாக நுண்ணோக்கி பார்க்கப் போன அன்றைக்கு நான் அடித்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். வெடியைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஐந்து நிமிடம் திட்டினார். ஊதுபத்தி அதுபாட்டுக்குப் புகைந்துகொண்டிருந்தது. கருப்பசாமியே எனக்காகப் பரிந்து பேசும்படி ஆகிவிட்டது. "விடுங்கண்ணே, பாவம், தெரியாம அடிச்சிருப்பாரு. அப்படி என்னதான் தள்ளியிருக்கு, காட்டுங்க."

லென்ஸ் கைமாறியது. கருப்பசாமி லேபிளைப் பார்த்தார். புள்ளிகளைப் பார்த்து, "அட!" என்றார். அண்ணன் பேச்சை நிறுத்தாமலே கீழே வைத்திருந்த பாட்டிலை எடுத்து அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். கருப்பசாமி லென்ஸைப் பாட்டிலோடு ஒட்டி வைத்தார்.

"ஏண்ணே, இது நம்மளப் பாக்குதுண்ணே."

"பாக்கும். இந்த மீனு ஒலகத்துலயே இந்த ஓடையில மட்டுந்தான் இருக்கு."

"ஒலகத்துலயேவா? அமெரிக்காவுல?"

"இல்ல."

"ஆமத்தூர்ல?"

"அங்கயும் இல்ல."

அமெரிக்காவில் இல்லாததைவிட ஆமத்தூரில் இல்லாததுதான் கருப்பசாமியை உலுக்கிவிட்டது. அது அவருடைய மாமியார் ஊர். ஊதுபத்தியைத் தண்ணீரில் அழுத்தி அணைத்தார். போகும்போது, "அடுத்த வாரமும் வருவீகளாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனார். வந்தார். கூட்டாளியும் வந்தார். வெடியோடு யாராவது வந்தால் இப்போது மறிப்பவர்கள் அவர்கள்தான். "இங்கன ஒரு கல்ல நட்டு சாமின்னு சொல்லிப்புட்டா ஒரு பய எறங்க மாட்டாண்ணே" என்று கூட்டாளி ஒரு யோசனை சொன்னார். அண்ணன் கோபித்துக்கொண்டார். "மீனு இருக்கு. அது போதாதா? இல்லாதத எதுக்குலே சொல்லணும்?"

வெடியை நிறுத்தியாயிற்று. வெயிலை யார் நிறுத்துவது? மறு வருடம் கோடை மழை ஏமாற்றியது. முதல் கசம் காய்ந்தது. இரண்டாவது சேறானது. மிஞ்சிய மீனையெல்லாம் அள்ளி மூன்றாவதில் விட்டோம். அதுவும் நாளுக்கு நாள் சுருங்கியது.

ஆச்சரியம், முதலாளி தானே முன்வந்து, "நம்ம பிரஸ்ல நிக்கிற தண்ணி லாரிய எடுத்துட்டுப் போங்க" என்றார். ஆனால் பேராசிரியை போனில் வேண்டாம் என்றுவிட்டார். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் அந்த மீனுக்கு ஆகாதாம். ஓடை மணலைத் தோண்டி ஊற்றுப் பறியுங்கள், நிழல் போடுங்கள், வேறு வழியில்லை என்றார். நாங்கள் நான்கு பேரும் தோண்டினோம். மண்வெட்டி பிடித்த என் கையில் கொப்புளம் வந்தது. நிழலுக்குக் கருப்பசாமி ஒரு பழைய ஃபிளெக்ஸ் பேனர் கொண்டுவந்தார். ஒரு காதணி விழா பேனர். தாய்மாமன்கள் பதினொரு பேர் செல்போனைக் காதில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் அதைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டார். "என்ன கலர்லே இது! அச்சுப் பக்கத்த மேல பாத்துக் கட்டு. மீனு பாத்துச்சுன்னா பயந்தே செத்துரும்." அப்படியே கட்டினோம். பதினொரு தாய்மாமன்களும் வானத்தைப் பார்த்துச் சிரித்தபடி வெயில் காய, கீழே மீன்கள் நிழலில் கிடந்தன.

கடைசி வாரம் கசம் ஒரு கட்டில் அளவுக்கு வந்துவிட்டது. அண்ணன் கழுத்தில் லென்ஸ் தொங்கியது, எடுத்துப் பார்க்கவில்லை. நான் கேட்டதற்கு, "இருக்கட்டும். பெருசாத் தெரிஞ்சா தாங்காது" என்றார்.

மழை எங்கள் தலையில் பெய்யவில்லை. மலையில் பெய்தது. ஞாயிறு மதியம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தோம். மேலே சருகு அரைபடுவது போல ஒரு சத்தம். "ஏறுங்க!" என்று கருப்பசாமி கத்தினார். கரையேறித் திரும்புவதற்குள் பழுப்புத் தண்ணீர் வந்துவிட்டது. பேனரையும் தாய்மாமன்களையும் எங்கள் சோற்றையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனது. நாங்கள் மூவரும் கூத்தாடினோம். அண்ணன் மட்டும் ஆடவில்லை. "மீனையும் சேத்து அடிச்சிட்டுப் போயிருந்தா?" என்றார்.

தண்ணீர் தெளிய இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் அவர் எந்தப் புரூஃபையும் திருப்பி அனுப்பவில்லை. எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார். நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை அவர் அறைப் பக்கம் போய்ச் சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

மூன்றாவது ஞாயிறு, பாறைக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்த கருப்பசாமிதான் முதலில் சத்தம் போட்டார். "அண்ணே! ஒத்தப் புள்ளி! ரெண்டு... நாலு... ஏழு! சின்னக் குஞ்சும் கெடக்குண்ணே!"

அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல், வேலைக்குப் போடும் பேண்ட்டோடு தண்ணீருக்குள் இறங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். இடுப்பளவு தண்ணீர். இரண்டு கையாலும் அள்ளி அள்ளி முகத்தைக் கழுவினார். ஒரு முகத்துக்கு அவ்வளவு நேரம் கழுவத் தேவையில்லை. நாங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு அவருக்கே கண்ணில் புரை விழுந்தது. வேலையை விட்டார். மகளோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். வருடா வருடம் கோடை முடிகிற சமயம் போன் வரும். நலமா, பிள்ளைகள் எப்படி, ஒன்றும் கிடையாது. எடுத்த எடுப்பில், "ஏலே, ஓடையில தண்ணி வந்துருச்சா?" நான் அலுத்துக்கொண்டே பைக்கை எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். மீன் என்றால் எனக்குக் குழம்பில் கிடப்பது மட்டும்தான் என்று அவரிடமே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

இந்த வருடம் அவருடைய போன் வந்தபோது நான் ஏற்கெனவே ஓடைக்கரையில்தான் நின்றுகொண்டிருந்தேன்.